கதவைச் சாத்து, மரியெத்!

சோபாவில் சாய்ந்து கிடந்து மூக்கை உறிஞ்சுகிற அந்தச் சீமாட்டியை விமலராணிக்குப் பதினேழு வருஷமாகத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் அவளுடைய மூஞ்சியை மெல்லிய துணியால் துடைத்துவிடுவது விமலராணிதான். துடைக்கும்போது, "கிட, கிட, நல்லாய்க் கிட" என்று வாய்க்குள் ஒரு வசவும் விழும்.

சீமாட்டி உயிருள்ளவள் இல்லை, படம். பாரிஸ் பட்டணத்துச் சனத்தைப் பகிடி பண்ணி, நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னே ஏதோ ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் அச்சடித்த படம். தாள் மஞ்சளாகி ஓரத்தில் தேமல் விழுந்துவிட்டது. அறையில் நெருப்பு எரிகிறது. சீமாட்டியின் ஒரு கையில் கதைப்புத்தகம், கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். வாசலில் வேலைக்காரி நிற்கிறாள். தோளில் பனி, மூக்கு நுனி கறுத்துப்போயிருக்கிறது, இரண்டு கையிலும் விறகு. கை ஒழியாததால் ஒரு காலை நீட்டிக் கதவைத் தடுத்துக்கொண்டு நிற்கிறாள். சீமாட்டி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மற்றக் கையைத் தூக்கி, ஈ விரட்டுகிற மாதிரி மணிக்கட்டை மட்டும் ஆட்டுகிறாள். கீழே பிரெஞ்சில் ஒரு வரி: "கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நில், மரியெத்! இந்தக் கதையில் ஒரு ஏழைப் பெண் குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறாள்."

படம் தொங்கியது இத்தாலியில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா வீதியில், ஓர் அடுக்குமாடியின் நாலாம் தளத்தில், விமலராணியின் எசமானி சிஞ்ஞோரா ஓர்னெல்லாவின் வரவேற்பறையில், சோபாவுக்கு நேர் மேலே. சிஞ்ஞோரா பிரெஞ்சு படிப்பித்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரிப் பழைய படம் பதினொன்று சேர்த்து வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, இந்தப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, வரியை முதலில் பிரெஞ்சில் வாசித்து, பிறகு இத்தாலியனில் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு குருடர்கள், பாருங்கள்!" என்பார். சிரிப்பு அடங்க முன்னமே திரும்பி, "றாணி, கோப்பி!" என்பார். விமலராணி கோப்பித் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலில் நிற்பாள். வந்தவர்களில் ஒருவருக்காவது, ஒரே ஒருவருக்காவது, படத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கத் தோன்றியதுண்டா? கண் இருந்தால்தானே தோன்றும்! படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில். ஊர்காவற்றுறையில் ஞானஸ்நானம் பெற்ற விமலராணிக்கும் அந்தப் பழமொழி தெரியும்.

விமலராணியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் பெண்கள் கூடி நின்று, தங்கள் தங்கள் சிஞ்ஞோராக்களை உரித்துத் தொங்கப்போடுகிற நேரம் ஒன்று உண்டு. பிரசங்கத்துக்குத் தூங்கியவர்களும் இதற்கு முழித்துக்கொள்வார்கள். அப்போது லூர்தம்மா தொடங்குவாள்:

"எடி றாணி, அந்தக் கையை ஒருக்கா ஆட்டிக் காட்டன்!"

லூர்தம்மா விமலராணியின் ஊர்க்காரி, கூட்டாளி. அவள் கேட்டால் விமலராணி மறுக்கமாட்டாள். கைப்பையை விரித்துப் புத்தகமாகப் பிடிப்பாள். மதிலில் சாய்ந்து மூக்கை உறிஞ்சுவாள். பிறகு கண்ணை எடுக்காமலே கையைத் தூக்கி மணிக்கட்டை ஆட்டுவாள் பாருங்கள், ஒரு சுழட்டு, இரண்டு வெட்டு. அச்சடித்தாற்போல இருக்கும். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "தன்ரை முதுகு தனக்குத் தெரியாதெண்டு சும்மாவே சொன்னவை?" என்று அவள் முடித்து வைப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தப் பங்குனி மாதம் ஒரு சோதனை வந்தது.

விமலராணிக்கும் புருஷன் கிறிகோரிக்கும் ஒரே பிள்ளை, றம்யா. தாதிப் படிப்பு. பங்குனி இரண்டாம் வியாழன், காலை பத்தரைக்குப் பட்டம். இங்கே பட்டம் வாங்குகிற பிள்ளைக்குத் தலையில் இலை முடி வைப்பார்கள், சொந்தபந்தம் கூடி நின்று கூவுவார்கள். விமலராணிக்கு அந்த முடி வைக்கிற நிமிஷத்தில் தான் அங்கே நிற்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஏனென்றால் அதுவரைக்கும் அவள் ஒன்றிலும் நின்றதில்லை. றம்யாவின் முதல் நற்கருணை அன்று சிஞ்ஞோராவின் தமக்கைக்குப் பிறந்தநாள். இவள் கோயிலுக்குள் நுழையும்போது பிள்ளை இறங்கி வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட நாடகத்தன்று சிஞ்ஞோராவுக்கு விருந்தாளிகள். பன்னிரண்டு வயதில் றம்யா தகப்பனுக்குச் சொன்ன ஒரு சொல் விமலராணியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது: "அம்மா வருவா எண்டு முதலே சொல்லாதைங்கோ அப்பா. வந்தாப் பிறகு சொல்லுங்கோ."

ஆகவே இந்த முறை மூன்று மாதத்துக்கு முன்னமே சொல்லி வைத்தாள். சிஞ்ஞோரா கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "எங்கள் றம்யா! நானும் வருவேன், முன் வரிசையில் இருப்பேன்!" என்றார். பதினேழு வருஷம் கூட இருந்தவளாவது அந்த முத்தத்தை நம்பாமல் விட்டிருக்கலாம். நம்பினாள்.

பட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது விஷயம் தெரியவந்தது. கால்சாவில், கடற்கரைப் பக்கம், புதுப்பித்த ஒரு பழைய மாளிகையில் சிஞ்ஞோரா தன்னுடைய படங்களைக் கண்காட்சி வைக்கப்போகிறார். பெயர்: "கண்ணுக்குத் தெரியாதவர்கள்". பழைய படங்களில் வேலைக்காரர்களின் மதிப்பும் மாண்பும் பற்றியதாம். திறப்பு விழா அதே வியாழன், அதே பத்தரை மணி.

விமலராணி தரை துடைத்த வாளியையும் கையில் பிடித்தபடியே வரவேற்பறை வாசலுக்குப் போனாள். சிஞ்ஞோரா சோபாவில் சாய்ந்திருந்து, மடியில் கணினியை வைத்து, திறப்பு விழாப் பேச்சு எழுதிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"சிஞ்ஞோரா, வியாழக்கிழமை என் மகளின்..."

"பொறு, றாணி, பொறு. உன்னைப் பற்றி எழுதுகிற இடத்தில் நிற்கிறேன். எனக்கே அழுகை வருகிறது."

மேலே சுவரில் படம். கீழே சோபாவில் அதன் நேர்ப் பிரதி. விமலராணிக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்தது. ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதையை அவள் புத்தகத்தில் படித்தவள்தான், ஆனால் ஓநாய் அதைத் தானே தட்டச்சு பண்ணுவதை அன்றுதான் கண்டாள். வாளியை வைத்துவிட்டு நின்றாள். கடைசியில் சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் மறுபடி கலங்கினார்.

"ஆனால் றாணி, இந்தக் கண்காட்சியே உனக்காகத்தானே! நீ இல்லாமல் எப்படி? முன் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். 'என் றாணி, எழுந்து நில்' என்று சொல்லுகிற இடம் ஒன்று வருகிறது. பட்டமளிப்பு வருஷத்துக்கு நாலு தரம் நடக்கும், காரா, கண்ணே. நீ இந்த வீட்டு மனுஷி அல்லவா?"

வீட்டு மனுஷி! கோப்பி குடிக்கிற மேசையில் பதினேழு வருஷத்தில் ஒருநாள் குந்தச் சொன்னதுண்டா?

"பதிலுக்கு ஓர் ஆள் விடுகிறேன், சிஞ்ஞோரா," என்றாள் விமலராணி. "இந்த முறை நான் போகத்தான் போகிறேன்."

சிஞ்ஞோராவின் முகத்தில் பெரிய துயரம் ஒன்று ஓடியது. பிறகு கேட்டார்:

"அப்படியானால் ரோல்ஸ்? அவளுக்கு உன்னுடைய ரோல்ஸ் செய்யத் தெரியுமா?"

சீ, இதுதானா! பதினேழு வருஷ உறவைப் பிழிந்தால் மிஞ்சுவது மீன் ரோல்ஸ்தான். "நான் முதல்நாளே சுட்டுக் கொடுத்துவிடுகிறேன்" என்றாள் விமலராணி. சிஞ்ஞோராவின் முகம் தெளிந்தது. "நாற்காலி மட்டும் காலியாக இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் அழுகைக்குத் திரும்பிப் போனார்.

இனிப் பதிலாள். இதில் பலெர்மோத் தமிழ்ப் பெண்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நீ ஊருக்குப் போனாலும் சரி, பிள்ளை பெறப் போனாலும் சரி, உன் இடத்துக்கு விடுகிறவள் உன்னிலும் ஒரு பிடி குறைந்தவளாய் இருக்கவேண்டும். சிஞ்ஞோரா மூன்றாம் நாளே உன்னை நினைத்து ஏங்கவேண்டும். லூர்தம்மா ஒருமுறை மடுத் திருநாளுக்குப் போகும்போது கெட்டிக்காரி ஒருத்தியை விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் அவளுடைய திறப்பு அந்த வீட்டுக் கதவில் திரும்பவில்லை. பூட்டையே மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாரும் மொக்கிகளாகத் தேடித்தான் விடுகிறார்கள்.

விமலராணி தேடவே இல்லை. சுதாஜினி இருந்தாள். வன்னிப் பெண், முப்பது வயதிருக்கும். யுத்தத்துக்குப் பிறகு வந்தவள். சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் ஆரஞ்சு ஆய்கிற வேலை. வாய் திறக்காத சாதுவென்பதால் கோயில் பெண்கள் அவளுக்கு மொக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். "உவளுக்கு இத்தாலியனிலை ஓமும் இல்லையும்தான் தெரியும், அதையும் கேட்டாத்தான் சொல்லுவாள்" என்பாள் லூர்தம்மா. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்தவள் விமலராணி. அன்று தொட்டு, தான் கூப்பிட்டால் அவள் வரவேண்டும் என்ற நினைப்பு விமலராணிக்குப் பிறப்புரிமை மாதிரி ஊறிவிட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் சுதாஜினி தோட்டத்திலிருந்து நேரே வந்தாள், ஒரு பை நிறைய மந்தரீனோடு. விமலராணி கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். ஒரு தோளில் ஊதாச் சாறி, மறு தோளில் பச்சைச் சாறி.

"வா பிள்ளை, வா. உதை உதிலை வை. வியாழக்கிழமை எட்டரைக்கு நீ கால்சாவிலை நிக்கவேணும். கறுப்பு உடுப்பு நான் தாறன். மேசையை விரி, ரோல்சை அடுக்கு, பிறகு முன்னுக்கு ஒரு கதிரை இருக்கும், அதிலை போய் இரு. அவ்வளவுதான். வாய் துறக்காதை."

"அக்கா, வியாழக்கிழமை எண்டால் எனக்கு..."

"வியாழக்கிழமைதான், வியாழக்கிழமைதான். காதுக்கை பஞ்சே வைச்சிருக்கிறாய்? இதைச் சொல்லு பார்ப்பம், ஊதாவோ பச்சையோ?"

"ஊதா வடிவு, அக்கா."

"ஊதா என்னைக் கறுப்பாக் காட்டுது."

சுதாஜினி பையை மூலையில் வைத்தாள். பிறகு வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, குனிந்தபடியே இன்னொரு தரம் தொடங்கினாள்.

"அக்கா, அண்டைக்குக் குவெஸ்தூராவிலை எனக்கு விரலடையாளம் எடுக்கிற..."

"குவெஸ்தூரா எங்கை ஓடிப் போகப்போகுது? அது அங்கைதான் நிக்கும். என்ரை பிள்ளை ஒருக்காத்தானேயடி பட்டம் வாங்கப்போறாள்? இந்த நேரம் பார்த்து எனக்கு ஆய்க்கினை தராதை, ராசாத்தி." விமலராணி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். பச்சையைத் தீர்மானித்துவிட்டாள்.

அவள் கேட்காத கதையை நாமாவது கேட்டு வைப்போம். சுதாஜினியின் பெர்மெசோ, அதுதான் இந்த நாட்டில் இருக்கிறதுக்கான அனுமதி, முடிந்துபோயிருந்தது. புதுசுக்கு விரலடையாளம் கொடுக்க, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அவளுக்குக் கிடைத்த தவணை இந்த வியாழன் பதினொரு மணி. ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தவணை. அது கையில் வந்தால்தான் வைகாசியில் முல்லைத்தீவில் நடக்கிற தங்கச்சியின் கலியாணத்துக்குப் போய்த் திரும்பலாம். தாயும் தகப்பனும் இல்லாத வீடு. தங்கச்சியைத் தாரை வார்த்துக் கொடுக்க மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் அவள்தான். இரண்டு தரம் சொன்னாள், இரண்டு தரமும் பாதியில் நறுக்கப்பட்டாள். மூன்றாம் தரம் சொல்லுகிற வாய் அவளுக்கு இல்லை. அறை எடுத்துத் தந்த அக்காவுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

புதன் இரவுக்குள் அறுபது ரோல்ஸ் சுட்டாயிற்று. வியாழன் விடிந்தது.

விமலராணி போனாள். பச்சைச் சாறியோடு, பத்து மணிக்கே போய், முன் வரிசையில் நடுக் கதிரையில் குந்தினாள். கிறிகோரி யாரோ சிஞ்ஞோர் கழித்துக் கொடுத்த கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். றம்யா மேடைக்குப் போகுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தாயைக் கண்டாள். கண்டதும் அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு வாய் போதாது. பேராசிரியர்கள் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னாள். புள்ளி சொன்னார்கள், இலை முடியை வைத்தார்கள், வெளியே கூட்டாளிகள் வர்ணத் தாளை அள்ளி எறிந்து கூவினார்கள். விமலராணி வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷத்து முள்ளு அந்த ஒரு நிமிஷத்தில் கழன்று விழுந்தது. அது மெய்யான சந்தோஷம், அதைப் பழிக்க எனக்கு மனமில்லை.

அப்போதுதான் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. சிஞ்ஞோரா ஒரு படமும் ஒரு குரல்செய்தியும் அனுப்பியிருந்தார். படத்தில் கால்சா மாளிகையின் பெரிய கண்ணாடி விளக்குக்குக் கீழே சுதாஜினி நின்றாள். கையில் வெள்ளைப் பூச்செண்டு, தோளில் சிஞ்ஞோராவின் கை, முகத்தில் ஈயாடவில்லை.

குரல்செய்தி ஓடியது: "றாணி, காரா! பெரிய வெற்றி! எல்லாரும் அழுதார்கள்! பேச்சை நேற்றே அச்சடித்தாயிற்று, மாற்ற நேரமில்லை. 'பதினேழு வருஷம் என் வீட்டில் இருக்கிற என் றாணி, எழுந்து நில்' என்று வாசித்து, உன் சிநேகிதிக்குக் கண் காட்டினேன். பாவம், எழுந்து நின்றாள். மண்டபமே எழுந்து கைதட்டியது! நகரசபைக்காரர் பூக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்கு நூறு தரம் வந்த சிநேகிதிகள் கூட அது நீ இல்லையென்று ஒருத்தரும் கவனிக்கவில்லை, தெரியுமா? ரோல்ஸ் அற்புதம். மிச்சத்தை அவளிடம் கொடுத்து விடுகிறேன்."

றம்யாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விமலராணிக்கு உச்சியில் ஏறியது. நூறு தரம் வந்தவர்கள்! அவள் கையால் நூறு தரம் கோப்பி வாங்கிக் குடித்தவர்கள்! கறுத்த தோலில் ஒரு கறுப்பு உடுப்பு, அதுதான் றாணி. யார் நின்றால் என்ன? கண்ணுக்குத் தெரியாதவர்கள் என்று பெயர் வைத்துக் கண்காட்சி நடத்தி, அதைக் கண்ணுக்கு முன்னால் ருசுப்படுத்தியும் காட்டிவிட்டார்கள். "மூதேவிகள்!" என்றாள் உரக்க. பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற இத்தாலியக் குடும்பம் ஒன்று அதை வாழ்த்து என்று எண்ணி நன்றி சொன்னது.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் விருந்து. தவக்காலம் என்பதால் பாட்டும் ஆட்டமும் வேண்டாம் என்று சுவாமியார் சொல்லியிருந்தார். இறைச்சியும் இல்லை, மீனும் மரக்கறியும்தான். நாற்பது பேர் வந்தார்கள். மண்டபத்தில் சோபா ஒன்று கிடந்தது, எந்தச் சிஞ்ஞோராவோ எறிந்ததை எவளோ தூக்கி வந்து போட்டது. பட்டதாரியின் தாய் என்று விமலராணியை அதில் இருத்தினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

விமலராணிக்கு அன்று கதைக்குக் குறைவா? போனைக் கையிலிருந்து கைக்குச் சுற்றவிட்டாள். குரல்செய்தியை இரண்டு தரம் போட்டுக் காட்டினாள். சிஞ்ஞோரா பேச்சு வாசித்த மாதிரி, பூக் கொடுத்தவர் வயிறு உப்பிய மாதிரி, சுதாஜினி முழுசிய மாதிரி, எல்லாம் செய்தாள். "அந்த மொக்கி பேந்தப் பேந்த முழிச்சுக்கொண்டு என்ரை பூவை வாங்கிக்கொண்டு நிக்கிறாள்!" என்றாள். கடைசியில் லூர்தம்மா கேட்டுவிட்டாள்:

"கையை ஆட்டடி, கையை!"

ஆட்டினாள். ஒரு சுழட்டு, இரண்டு வெட்டு. மண்டபம் அதிர்ந்தது.

பிறகு றம்யா இலை முடியோடு எழுந்து நின்றாள். எல்லாரும் அடங்கினார்கள். நேரம் ஐந்தரை.

"எனக்குத் தமிழிலை வடிவாப் பேச வராது. சிரிக்கக்கூடாது, சரியோ? என்ரை அம்மா பதினேழு வருஷம் ஆற்றையோ வீட்டிலை வாளி தூக்கினவ. எனக்குச் சின்னனிலை கோபம் வாறது. ஏன் அம்மா ஒரு இடமும் வாறேல்லை எண்டு..."

விமலராணிக்குக் கண் முட்டிவிட்டது. சாறித் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். சோபாவில் பின்னால் சாய்ந்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது, அதைத் துடைக்கவும் மனமில்லை.

அப்போது மண்டபக் கதவு திறந்தது. சுதாஜினி. தோளெல்லாம் மழை. இரண்டு கையிலும் ரோல்ஸ் தட்டுகள், அக்குளுக்குள் வெள்ளைப் பூச்செண்டு. கதவு அடித்துச் சாத்தப்போக, ஒரு காலை நீட்டித் தடுத்துக்கொண்டு நின்றாள். கதவுக்குப் பக்கத்தில்தான் சோபா.

"அக்கா," என்றாள் மூச்சு வாங்க. "அக்கா, ஒரு அவசரம். நான் குவெஸ்தூராவிலை இருந்து ஓடி வாறன். ஆறு மணி மட்டும் ஆள் நிக்குமாம், இத்தாலியன் தெரிஞ்ச ஆரும் வந்து சொன்னால் எடுப்பினமாம். நீங்கள் ஒருக்கா..."

"...இண்டைக்குத்தான் முதல் தரம் என்ரை அம்மா முன் வரிசையிலை இருந்தவ," என்று றம்யா சொல்லிக்கொண்டிருந்தாள்.

விமலராணி மகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை தானாக எழுந்தது. மணிக்கட்டு ஆடியது. ஒரு சுழட்டு, இரண்டு வெட்டு.

"பொறடி, குழப்பாதை! பிள்ளை என்னைப் பற்றிக் கதைக்கிறாள்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. றாணி திரும்பவும் நடிக்கிறாள் என்று எண்ணிக் கைதட்டினார்கள். லூர்தம்மா தொடையில் அடித்தடித்துச் சிரித்தாள். கிறிகோரியும் சிரித்தார். றம்யா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

விமலராணி தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் அந்தரத்திலேயே நின்றது. பதினேழு வருஷம் படக் கண்ணாடிக்கு மேலால் துடைத்த சீமாட்டியின் கை, அவளுக்குத் தெரியாத கையா? எழுந்திருக்கத்தான் நினைத்தாள். ஆனால் சனம், "பேசு பிள்ளை, பேசு" என்றது. றம்யா தயங்கித் தயங்கி மறுபடி தொடங்கினாள். தாயைப் பற்றித்தான். இன்னும் இரண்டு சொல், கேட்டுவிட்டு எழும்புவோம் என்று விமலராணி இருந்துவிட்டாள். வெட்கம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ஆசைதான் வென்றது, வேறென்ன!

இரண்டு சொல் இருபதாயிற்று. பிறகு கேக் வெட்டினார்கள், சுவாமியார் ஆசீர்வதித்தார், எல்லாரும் வரிசையில் வந்து கட்டிப்பிடித்தார்கள். கடைசியாக விமலராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவடிக்கு வந்தாள். தட்டுகள் மேசையில் ஒழுங்காக இருந்தன. சுதாஜினி சுவரோரம் நின்றாள்.

"என்ன பிள்ளை? என்ன அவசரம்? சொல்லு, வா போவம்."

"இனி வேண்டாம் அக்கா. ஆறேகால் ஆச்சு."

"என்ன ஆறேகால்? என்ன அலுவல் எண்டு முதலிலை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான் அக்கா. ரெண்டு தரம். நீங்கள் சாறி பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்." குரலில் கோபம் இல்லை. "பதினொண்டுக்குத் தவணை. கண்காட்சி முடியப் பன்னிரண்டரை. அந்த மனுசி விடேல்லை, படம் எடுக்கவேணுமாம். பிறகு ஓடிப்போய்ப் பின்னேரம் மட்டும் அங்கை காத்து நிண்டன். இனிப் புதுத் தவணை கேக்கவேணும். ஆவணியிலைதான் வருமாம்."

"வைகாசியிலை உன்ரை தங்கச்சிக்கு..."

அது எங்கேயோ காதில் விழுந்து கிடந்திருக்கிறது. அப்போதுதான் எழுந்து வருகிறது.

"ஓம்," என்றாள் சுதாஜினி.

அவள் பூச்செண்டை எடுத்து விமலராணியின் கையில் வைத்தாள். "இது உங்கட பூ. உங்கட பேருக்குத்தான் தந்தவை. நான் வாயே துறக்கேல்லை." பிறகு தலையை மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். குளிர் உள்ளே வராமல் கதவை அவளே மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

விமலராணி போய்ச் சோபாவில் குந்தினாள். வேறு எங்கே குந்துவது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து லூர்தம்மா சிரிப்பு அடங்காமல் வந்தாள். வாயில் ரோல்ஸ்.

"எடி றாணி, நீ பொல்லாதவளடி! அவள் கதவைத் துறந்த உடனை ஆட்டினியே, அச்சு அசல்! எங்கை, இன்னொருக்கா ஆட்டிக் காட்டு!"

விமலராணி வலக்கையை மடிக்குள் வைத்துச் சாறித் தலைப்பால் மூடிக்கொண்டாள்.